மூன்று மாடி, ஒரே மாமியார்: கிரேக்க வீட்டுக்கு வாக்கப்படுவது பற்றி

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டது இதுதான். ஏதென்ஸ்காரர் ஒருவரோடு ஐந்து வருடப் பழக்கம், சீக்கிரம் கல்யாணம். அவருடைய அம்மா அப்பா மூன்றாம் மாடியில், அக்கா குடும்பம் இரண்டாம் மாடியில். முதல் மாடி இவர்களுக்கென்று காலியாகக் காத்திருக்கிறது. பெண் இந்து, சைவச் சாப்பாடு. அங்கே என்ன சாப்பிடுவது, அந்த நெருக்கம் மூச்சு முட்டுமோ, தன் அம்மா சம்பந்தியோடு எப்படிப் பேசுவார் என்றெல்லாம் பயம். "நீ பெரிய குடும்பத்துல வளர்ந்தவதானே, உனக்கென்ன கஷ்டம்?" என்கிறார் அவர் அம்மா. அது சரியா?

பாதி சரி. நான் வோலோஸ் என்ற துறைமுக ஊருக்கு வாக்கப்பட்டு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மதுரையில் நாலு அத்தை, மூன்று சித்தப்பா சூழ வளர்ந்தவள். வந்த முதல் மாதம் எனக்கும் இது நம் வீடு மாதிரியே இருக்கிறதே என்றுதான் பட்டது. வாசலில் காலை வைத்ததும் "எஃபாயெஸ்?" என்கிறார்கள். சாப்டியா என்று அர்த்தம். சொந்தங்களுக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. சம்பந்திக்கு சிம்பெதெரோஸ். சகலைக்கு பட்ஜனாகிஸ். ஓரகத்திக்கு சினிஃபாதா, நாத்தனாருக்கு குன்யாதா. வீட்டோடு மாப்பிள்ளைக்குக்கூட சோகம்ப்ரோஸ் என்று ஒரு சொல், அதே இளக்காரத்தோடு. எதைச் செய்யப் போனாலும் "தி தா பீ ஓ கோஸ்மோஸ்", ஊர் என்ன சொல்லும்? ஆங்கிலத்தில் சம்பந்தி என்று சொல்ல வழியில்லாமல் தவித்த எனக்கு இதெல்லாம் தாய்வீடு போல இருந்தது.

வழுக்குகிற இடமும் அதுதான். நம் வீடு மாதிரி இருக்கிறதே என்று நம் வீட்டில் நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டேன். நம் பக்கம் புது மருமகள் நல்ல பெயர் எடுக்க என்ன செய்வாள்? அளந்து பேசுவாள், பெரியவர்கள் பேச்சில் தலையிட மாட்டாள், பிடிக்காததை முகத்தில் காட்டாமல் விழுங்குவாள். இங்கே அதே குணத்துக்கு வேறு பெயர்: ஒட்டாதவள்.

கிரேக்க மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. வகுப்பில் பெரியவர்களிடம் பன்மை என்று சொல்லிக்கொடுத்தார்கள், மகிழ்ச்சியாகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதிலேயே மாமியார், "மீலா மு ஸ்டோன் எனிகோ" என்றார். என்னோடு ஒருமையில் பேசு. தலையாட்டினேன், நாக்கு வரவில்லை. மாமியாரை "நீ" என்பதா? இரண்டு வருடம் பன்மையிலேயே ஓட்டினேன். ஒரு நாள் அவரும் அவர் தங்கையும் அடுக்களையில் குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நடையில் நிற்பது தெரியாமல் மாமியார் சொன்னார்: "அவளுக்கு நான் பேங்க் மேனேஜர்." குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. மறுநாள் காலை கைப்பிடி வைத்த அந்தச் சின்னக் காபிச் செம்பை அடுப்பில் வைத்துவிட்டு, உள்ளங்கை வியர்க்க, "நீ காபி குடிக்கிறியா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மெத்ரியோ" என்றார். ஒரு கரண்டி சர்க்கரை. அதற்குப் பிறகுதான் வீட்டு ரகசியங்கள் என் காதுக்கு வர ஆரம்பித்தன.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மாமனாரும் அவர் தம்பியும் ஊரில் இருக்கும் ஆலிவ் தோப்பின் எல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க நிலப்பதிவு நடந்துகொண்டிருந்த காலம், யார் பெயரில் எவ்வளவு என்று எல்லாக் குடும்பத்திலும் அதே பேச்சு. மேஜையில் குத்தினார்கள், எழுந்து நின்றார்கள், ஒருவர் வாயில் இன்னொருவரின் செத்துப்போன அப்பா வந்து போனார். அன்றோடு உறவு முறிந்தது என்று பயந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் தர்ப்பூசணி வந்தது, இருவரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பிக்குள் அந்த அளவு வார்த்தை விழுந்திருந்தால் பத்து வருடம் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போக மாட்டார். இங்கே பயப்பட வேண்டியது சத்தம் அடங்கும்போதுதான். ஆகவே உங்களுக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லுங்கள். அதைத் தனியாகக் கணவர் காதில் போட்டு, அவர் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் குற்றமாகிவிடும்.

இதற்கு ஒரே விலக்கு வீட்டுச் சாவி. அதைக் கணவர்தான் பேச வேண்டும்.

அந்த மூன்று மாடிக் கட்டடம் எப்படி வந்தது என்று தெரிந்தால் சாவி ஏன் மாமியார் கையில் இருக்கிறது என்பது புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏதென்ஸில் மனைக்காரர் இடத்தைக் கொடுப்பார், மேஸ்திரி கட்டடம் எழுப்புவார், ஆளுக்குச் சில ஃபிளாட் என்று பிரித்துக்கொள்வார்கள். அன்டிபரொஹி என்று பெயர், சென்னையில் ஜாயின்ட் வென்ச்சர் என்று நடக்கிறதே, அதுதான். அப்படி வந்த ஃபிளாட்டுகளைப் பிள்ளைகளுக்கு மாடி மாடியாக ஒதுக்கினார்கள். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனமாகப் போயிற்று. வரதட்சணையைச் சட்டத்திலிருந்து நீக்கியது 1983இல். பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் மட்டும் வேறு பெயரில் இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பதில் 8 லட்சம் யூரோ வரை வரியில்லை. 2010க்குப் பிறகு வந்த கடன் நெருக்கடியில் சம்பளம் போய், தாத்தாவின் ஓய்வூதியத்தில் மூன்று தலைமுறை சாப்பிட்ட வீடுகள் ஏராளம். பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது இங்கே முப்பதைத் தாண்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியச் சராசரி 26 சொச்சம். உங்கள் மாமியார் கண்ணில் முதல் மாடி உங்கள் வீடு இல்லை, தன் வீட்டின் இன்னொரு அறை. அறைக்குள் நுழைய யாராவது மணி அடிப்பார்களா?

எனக்கு நடந்தது: குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தால் ஹாலில் மாமியார், கையில் டாப்பர். ('டாப்பர்' என்றால் சாப்பாட்டு டப்பா. பிள்ளை வெளியூரில் படித்தால் டாப்பரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். கிரேக்கத் தாய்மையின் அடையாளச் சின்னம் அதுதான் என்பேன்.) சாவியைத் திருப்பிக் கேட்காதீர்கள், அது அவமானமாகிவிடும். மணி அடித்து, பதில் வராவிட்டால் கதவடியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று அவர் மகன் சொல்லட்டும். என் வீட்டில் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது மணி அடிக்கிறார், அடித்துக்கொண்டே திறக்கிறார்.

வீட்டைப் பற்றிக் காசு விஷயமாக ஒன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் மாடி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பலரும் உரிமையைப் பிள்ளைக்கு எழுதிவிட்டு, ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சேர்த்த சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பங்களிப்பு என்று கிரேக்கச் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் பெற்றோர் அவருக்குக் கொடுத்த வீடு அந்தக் கணக்கில் வராது. உங்கள் சேமிப்பைப் போட்டு அந்தச் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள் என்றால் ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்கட்டும், பத்திரமாக வையுங்கள். சந்தேகப்படச் சொல்லவில்லை. என் அப்பா என்னிடம் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

இனி கல்யாணம். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில், ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால் வேறு சபைக் கிறிஸ்தவரையும் மணக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரை முடியாது. உங்களுக்கு வழி இரண்டு. மதம் மாறுவது, அல்லது நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம். பதிவுத் திருமணம் 1982இல்தான் சட்டமானது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான், மாமியாருக்கு ஒன்றில்லை. பதிவுத் திருமணம் மட்டும் செய்த மகன் சர்ச்சின் கண்ணில் மணமானவன் இல்லை, நற்கருணை வாங்கவோ இன்னொரு குழந்தைக்கு ஞானத் தந்தையாக நிற்கவோ விதிப்படி முடியாது. அவர் அழுதால் உங்களைப் பிடிக்காமல் அழவில்லை என்று புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும். என் மாமியார் மூன்று நாள் அழுதார். நான்காம் நாள் சர்க்கரை பூசிய பாதாம் ஆர்டர் கொடுக்கப் போனார், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒற்றைப்படையில், ஏனென்றால் ஒற்றைப்படையை இரண்டாகப் பிரிக்க முடியாது. கல்யாணத்துக்காக மட்டும் மதம் மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாறியவர்களில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, அது தனிக் கதை.

பெயர் மாற்ற வேண்டியதில்லை. 1983 சட்டத்துக்குப் பிறகு கிரேக்கப் பெண்களே பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருக்கிறார்கள். லீப் வருடத்தில் கல்யாணம் வைக்கப் பலர் தயங்குவார்கள், நம் ஆடி மாதம் மாதிரி, ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு. தேதி குறிப்பதற்குள் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

சர்ச் கல்யாணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் மற்றவர்கள் கல்யாணத்துக்கு வருடத்துக்கு நான்கு முறையாவது போவீர்கள். ரிப்பனால் இணைத்த இரண்டு கிரீடங்களை மணமக்கள் தலையில் மூன்று முறை மாற்றி மாற்றி வைப்பவர் கும்பாரோஸ். அவர் மாப்பிள்ளைத் தோழன் இல்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர், பிறக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஞானத் தந்தையும் அவரே. வீட்டில் அவர் பேச்சு மச்சினர் பேச்சை விட எடுபடும். இன்னொன்று, சடங்கில் பைபிளிலிருந்து வாசிக்கும் பவுலின் நிருபத்தில் "மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்கட்டும்" என்ற வரி வரும்போது மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பாள். சர்ச் முழுக்கக் கழுத்தை நீட்டிக் காலைப் பார்க்கும். என் குன்யாதா குதிகால் செருப்பு போட்டிருந்தாள்.

பிள்ளைப் பேச்சைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் வைப்பது பெரும்பாலான இடங்களில் எழுதாத சட்டம். அடுத்தது அம்மாவழி. அதனால்தான் என் கணவரின் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லோரும் யோர்கோஸ், "நிகோஸ் வீட்டு யோர்கோஸ்", "டாக்ஸி யோர்கோஸ்" என்று அடையாளம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நமக்கும் புதிதில்லை, பேரன் என்ற சொல்லையே பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அதனால் நான் எளிதாக ஒப்புக்கொண்டேன். சிக்கல் ஞானஸ்நானத்தில் வந்தது. பழைய வழக்கப்படி ஞானஸ்நானம் ஆகும் வரை பிள்ளைக்குப் பெயரே சொல்ல மாட்டார்கள், வெறும் 'பெபிஸ்', 'பெபா'தான். ஆனால் பெயரைப் பதிவு அலுவலகத்தில் பெற்றோரே கொடுத்துவிடலாம், ஞானஸ்நானம் கட்டாயமில்லை. நாங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டு, மற்றதை மூன்று வருடம் பேசினோம். கடைசியில் ஞானஸ்நானமும் நடந்தது, மதுரையில் காதுகுத்தும் நடந்தது. இரண்டிலும் பையன் ஒரே மாதிரி கத்தினான்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, சொல்லும் விதம் தெரிந்தால் போதும். "நான் சைவம்" என்றால் கோழி வைப்பார்கள். "நிஸ்டீசிமோ" என்று சொல்லுங்கள், விரதச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய பெருவிரதத்திலும், ஆகஸ்ட் முதல் பதினான்கு நாளும், வருடம் முழுக்கப் புதன் வெள்ளியும் விரதம் இருக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது, பாதி அடுக்களை நமக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். வெண்டைக்காயை ஆலிவ் எண்ணெயில் தக்காளி போட்டுச் செய்வார்கள், பெரிய வெள்ளை பீன்ஸை ஓவனில் வேகவைப்பார்கள், மைசூர் பருப்பு மாதிரி முழுப்பயறு சூப், மலையில் பறித்த கீரை எலுமிச்சை பிழிந்து. ஜாக்கிரதை, கணவாயும் இறாலும் விரதத்தில் சேர்த்தி. இறைச்சி இல்லாமல் அரிசி மட்டும் அடைத்த தக்காளிக்கு 'அனாதை' என்று பெயர். திராட்சை இலையில் அதே மாதிரி சுருட்டினால் 'யலாஞ்சி', துருக்கியில் பொய்யன் என்று அர்த்தம். என் தட்டுக்கு வருவதெல்லாம் அனாதைகளும் பொய்யர்களும்தான் என்று மாமனார் எல்லா விருந்திலும் சொல்வார். ஈஸ்டர் நள்ளிரவில் மட்டும் ஆட்டுக்குடல் சூப் வரும். சிவப்பு முட்டையை மோதி உடைத்துவிட்டு, அந்தக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் நகர்த்துங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், நாற்பது நாள் பசியில் இருப்பார்கள்.

பெயர் நாள் என்று ஒன்று உண்டு, பிறந்தநாளை விடப் பெரிது. டிமிட்ரிஸுக்கு அக்டோபர் 26, நிகோஸுக்கு டிசம்பர் 6, கோஸ்தாஸுக்கும் எலெனிக்கும் மே 21. யோர்கோஸுக்கு ஏப்ரல் 23, அது ஈஸ்டருக்கு முன் வந்தால் ஈஸ்டர் திங்களுக்குத் தள்ளிப்போகும். அன்று யாரையும் அழைக்க மாட்டார்கள், அழைக்காமலே வருவார்கள். எனக்கு இது தெரியாது. கணவர் பெயர் நாளன்று மாலை நான் தலையில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு முதல் மணி அடித்தது. பத்து மணிக்குள் இருபத்திரண்டு பேர், வீட்டில் இருந்தது அரைப் பாக்கெட் பிஸ்கட்டும் முறுக்கும். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய் இரண்டு தட்டு இறக்கினார், முன்னாலேயே செய்து வைத்திருக்கிறார். அன்று மட்டும் அவர் கையில் சாவி இருந்தது நல்லதாகப் போயிற்று.

கண்ணூறு பற்றி ஒரு வரி போதும், உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தையைக் கொஞ்சினால் மூன்று முறை "ஃப்து" என்பார்கள், தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். மிளகாய் மட்டும் இல்லை.

நெருக்கம் மூச்சு முட்டும் என்று எழுதியிருந்தீர்கள். முட்டும், மறுக்கவில்லை. கர்ப்பமா என்று பெட்டிக்கடைக்காரர் வரை கேட்பார்கள். ஆனால் 2023 செப்டம்பரில் டேனியல் புயல் வோலோஸைப் புரட்டிப் போட்டபோது குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் குடிக்க உதவவில்லை, மாதக் கடைசியில் எலியாஸ் புயல் வந்து ஊரை மறுபடி முக்கியது. எங்கள் தெருவில் முழங்கால் சேறு. கணவரின் மாமா பிள்ளைகள் லாரிஸாவிலிருந்து சுற்று வழியில் தண்ணீர் பெட்டிகளோடு வந்தார்கள். எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பட்டியல் வைத்துக்கொண்டு அடுத்த சொந்தத்துக்குப் போனார்கள். பட்டியலில் கும்பாரோஸின் மாமியார் பெயர்கூட இருந்தது. யாரும் யாரையும் கேட்டு அந்தப் பட்டியல் போடவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி. சம்பந்திகளை கல்யாணத்துக்கு முன் ஒரு முறையாவது நேரில் பார்க்க வையுங்கள், மொழி தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். என் அம்மா வந்தபோது பட்டுப் புடவையும் அரைக் கிலோ மைசூர்பாகுமாக சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் எதிரில் அதே மாதிரி நுனியில். நான் மொழிபெயர்த்து முடித்துக் காபி போடப் போய்த் திரும்பினால், இருவரும் தங்கள் மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி, பிரஷர் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று விரலால் காட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை வீடியோவில் இருவரும் பேசுகிறார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் கிரேக்கத்தில்.

முதல் மாடிக்குக் குடி போனதும் டாப்பர்கள் இறங்க ஆரம்பிக்கும். காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், நம் பக்கத்து வீட்டுக் கிண்ணத்துக்கு இருக்கிற அதே மரியாதை அதற்கும் உண்டு. நான் முதலில் நிரப்பிக் கொடுத்தது எலுமிச்சை சாதம். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார், யோசித்தார், மேலே ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டார். மிச்சத்தை இன்னொரு டாப்பரில் அடைத்துத் தங்கைக்கு அனுப்பினார்.